என் சைக்கிளைத் திருடியவனுக்கு நான் நின்ற ஜாமீன்

கிராணியாரே,

மழையில் நனைந்தால் தேங்காய் நார் மிதியடியிலிருந்து ஒரு வாசனை வருமே, அது இப்போது கொட்டகை வாசலில் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த ஜெயிலில் கைதிகள் பின்னி விற்பனைக்கு வைத்த மிதியடி அது. வாங்கிவந்து என் வாசலில் போட்டுவிட்டு, "உம்மட காலில இருக்கிற சாணியைத் துடைச்சுப்போட்டு என்னோட கதைக்க வாரும்" என்றீர்கள். மாடு வைத்திருப்பவன் காலில் சாணி இல்லாமல் சந்தனமா இருக்கும்? அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

இன்று அதே மிதியடியில் காலைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலையில் கோர்ட்டுக்குப் போய்வந்தேன். முனியனுக்காக நான் நின்ற ஜாமீனுக்கு இன்றோடு ஒரு வருஷம் முடிந்துவிட்டது. இதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. சொல்லாமல் இருக்க மனம் ஆறவில்லை.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்களை வெளியே தள்ளிய காலத்தில் ஆரம்பித்தது நம் சண்டை. வேலை போனவர்கள் கோலாலம்பூர் கடைகளின் முன்னால் ஐந்தடி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். நம் பிரிக்பீல்ட்ஸில் கோழி காணாமல் போகும், காயப்போட்ட வேட்டி காணாமல் போகும். சாயங்காலம் நீங்கள் பித்தளைச் செம்போடு பால் வாங்க வருவீர்கள். நான் பேப்பரை உரக்கப் படிப்பேன். படித்து முடித்ததும், "எல்லாரையும் பிடிச்சு உள்ள போடணுங்க. இன்னும் நாலு ஜெயிலு கட்டினாத்தான் ஊரு உருப்படும்" என்பேன்.

"ஆருக்கு எண்டு சொல்லும்" என்பீர்கள்.

"திருடுறவனுக்குத்தான்."

"உள்ளுக்கு வாறவன்ர பேரை எழுதுறது நான், காணும். ஒருத்தன்ர பேரை மூண்டு தரம் எழுதிப்போட்டன். முதல் தரம் வரேக்க அழுதவன். மூண்டாம் தரம் வரேக்க என்னட்டைச் சுகம் விசாரிக்கிறான்."

"அப்ப எல்லாரையும் திறந்து விட்டுடலாமா?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை. சில பேரை வெளியில விட்டா ஊர் தாங்காது. அவங்களுக்கு ஜெயில் வேணும். கோழி எடுத்தவனையும் அவங்களுக்குப் பக்கத்தில படுக்கப் போடாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

பேசப் பேசப் பால் ஆடை கட்டிவிடும். நீங்கள் விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். நானும்தான்.

அப்புறம் ஒரு காலை என் சைக்கிள் போயிற்று. அதில் மாட்டியிருந்த இரண்டு பால் கேன்களும் போயின. நான் குதித்த குதியில் மாடுகள் மிரண்டன. மறுநாளே கிள்ளானில் ஆள் அகப்பட்டான். அவன்தான் முனியன். டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவன். வேலை போனதும் பிழைப்புத் தேடிக் கோலாலம்பூருக்கு வந்திருந்தான். தோட்டத்தில் விட்டுவந்த மனைவியையும் மகளையும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் கப்பலில் ஏற்றப்போகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரயிலுக்குக் கையில் எதுவும் இல்லை. என் சைக்கிள் கண்ணில் பட்டிருக்கிறது. கிள்ளான் தாண்டித் துறைமுகம் வரை மிதித்துப் போய், கப்பலில் ஏறும் முன் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வழியில் கேன்களை விற்றுச் சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறான். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்துகொண்டிருந்தேன் என்று போலீசிடம் அழுதானாம். அகப்பட்ட எந்தத் திருடன் அப்படிச் சொல்லவில்லை? நான் நம்பவில்லை.

கோர்ட்டுக்கு நீங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். மாஜிஸ்திரேட் துரை, இது முதல் குற்றம், ஒரு வருஷம் ஒழுங்காக இருப்பான் என்று யாராவது ஜாமீன் நின்றால் விடலாம், இல்லையென்றால் மூன்று மாதம் ஜெயில் என்றார். யார் இருக்கிறார்கள்? அவனோடு வேலை செய்தவர்கள் எல்லாம் கப்பலேறிவிட்டார்கள். ஜெயில் உத்தியோகத்தில் இருப்பதால் நீங்கள் நிற்கக்கூடாது. வெளியே தாழ்வாரத்தில் சாட்சிப் பொருளாக என் சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தார்கள். அவன் மகள் எட்டி எட்டி அதன் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் அப்பனுக்கு ஜெயில், வெளியே டிரிங் டிரிங். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நாலு ஜெயில் கட்டச் சொன்னனீர். முதல் ஆளை அனுப்பிப்போட்டுப் போய்ப் பால் கறவும்" என்றீர்கள்.

உங்கள் மேல் வந்த கோபத்தில்தான், நான் நிற்கிறேன் என்று கையைத் தூக்கினேன். புகார் கொடுத்தவனே ஜாமீனா என்று துரை இரண்டு தடவை கேட்டார். கோர்ட்டே சிரித்தது.

அந்த ஒரு வருஷம் எனக்குத்தான் தண்டனை. கொட்டகைக்குப் பக்கத்து அறையில் அவர்களைக் குடிவைத்தேன். பால் ஊற்ற அவனையே அதே சைக்கிளில் அனுப்பினேன். வேறு ஆள் வைக்க எனக்கு வக்கில்லை. அவன் ஓடிப்போனால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியவன் நான். மணிச் சத்தம் கேட்டால் போதும், கறந்துகொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு, வருகிறானா போகிறானா என்று வாசலுக்கு ஓடுவேன். "இப்ப நீர்தான் காணும் வார்டர். கைதி நிம்மதியா நித்திரை கொள்ளுறான், உமக்குத்தான் நித்திரை இல்லை" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். பாவி மனிதர்.

உங்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன நாளில், காலையில் சேதி கேட்டுப் போட்டது போட்டபடி ஓடிவந்தவன் நான். மாடு, பால், திறந்து கிடந்த வீடு, எதுவும் நினைவில் இல்லை. குளித்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் சட்டென்று நினைவு வந்தது. ஒரு நாள் முழுக்க எல்லாம் அவன் கையில்! ஈர வேட்டியோடு ஓடினேன். மாடுகள் குளிப்பாட்டிக் கட்டப்பட்டிருந்தன. முனியன் மூடிவைத்த ஒரு செம்பின் பக்கத்தில் நின்றான்.

"எல்லா வீட்டுக்கும் பாலு ஊத்தியாச்சுங்க. ஐயா பாலை மட்டும் எடுத்து வச்சிருக்கேன். யாருகிட்ட குடுக்கிறதுன்னு தெரியலைங்க."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. அன்றைக்கே என் பயத்தில் பாதி போய்விட்டது.

மீதி இன்று போயிற்று. கோர்ட்டில் ஒரு நிமிஷ வேலை. முத்திரை குத்திப் போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே முனியன் மழையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முடிஞ்சுது. இனிமே நீ எங்க வேணும்னாலும் போலாம்" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு பதைப்பு, போய்விடுவானோ என்று. அவன் வானத்தைப் பார்த்தான். "கறவைக்கு நேரமாச்சுங்க. பின்னால ஏறிக்குங்க" என்றான்.

நீங்கள்தான் ஜெயித்தீர்கள் என்று எழுதமாட்டேன். போன வாரம் பக்கத்துத் தெருவில் கத்தியைக் காட்டி ஒரு பெண்ணின் தாலியை அறுத்துக்கொண்டு போனான் ஒருத்தன். அவன் உள்ளேதான் இருக்க வேண்டும், நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் யாராவது இங்கே வந்து ஜெயில் போதவில்லை என்றால், "யாருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் கேள்வி என் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதோ, மழை விட்டிருக்கிறது. தெருவில் மணிச் சத்தம் கேட்கிறது. வருகிறானா போகிறானா, தெரியாது. நான் எழுந்து பார்க்கவில்லை, கிராணியாரே.