நீங்கள் அறுத்த காற்றுக்குழாய்

அத்தான்,

இன்று காலை ஸ்பானர் தேடிக் கருவிப் பெட்டியைக் கவிழ்த்தேன். அந்த மரக்கட்டை உருண்டு வந்து என் காலில் இடித்தது. ஒரு சாண் நீளம், மணிக்கட்டுத் தடிமன், ஒரு முனை சீவியது. இறுக்கமாக நிற்பதற்காகச் சுற்றிய துணி இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வேட்டிக் கிழிசல்தான், கரையைப் பார்த்தாலே தெரியும். போய்ச் சேர்ந்த மனிதரைக் குறை சொல்லக் கூடாதாம். நான் சொல்லத்தான் போகிறேன். இருந்த காலத்தில் நீங்கள் என்னைப் பற்றித் தெரு முழுக்கச் சொன்னீர்களே!

மலைக்கோட்டைச் சரிவில் இருந்த உங்கள் வீட்டுக்குக் கக்கூஸ் பின்சந்தின் கோடியில். பின்வாசலிலிருந்து முப்பத்திரண்டு கற்படி இறங்க வேண்டும். ஒரு ஐப்பசி மழையில் அக்கா அந்தப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். எலும்பு கூடிய பிறகும் ஒரு காலை இழுத்துத்தான் நடந்தாள். அப்படியே அந்தப் படிகளில் இறங்கி ஏறினாள். பொன்மலை ரயில் பட்டறையில் எஞ்சினுக்குக் குழாய் மாட்டுகிறவன் நான். வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டித் தருகிறேன் என்றேன்.

"சாமி ரூம் இருக்கிற தளத்துல கக்கூஸா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா மாப்ள?" என்று குதித்தீர்கள். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு நிலவறைக்குச் சம்மதித்தீர்கள். உடைந்த அண்டாவும் ஓலைப்பாயும் கிடந்த அறை. ஆனாலும் வீட்டுக்குள்ளேயே ஒன்பது படிதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தேன். நிலவறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் முழு அளவில் வரைந்து பார்த்தேன். தரை தெருச் சாக்கடையைவிடத் தாழ்வு, அந்தப் பக்கம் தண்ணீர் ஏறாது. பின்சந்து அதைவிடத் தாழ்வு, ஆகவே கழிவுத்தொட்டியைப் பின்னால் தோண்டினோம். மொட்டை மாடியில் இரும்பு டிரம் வைத்தால் நிலவறைக்குத் தண்ணீர் தானாக இறங்கும். இவ்வளவுக்கும் தலையாட்டிய நீங்கள் காற்றுக்குழாய் என்றதும் முறைத்தீர்கள். "தண்ணி போகத்தான் ஒரு குழாய் இருக்கே. காத்துக்கு எதுக்குடா தனிக் குழாய்?"

ஒரு டின்னில் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துக் காட்டினேன். குடுக் குடுக்கென்று திக்கித் திக்கி வந்தது. அடிப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டேன். சீராகக் கொட்டியது. "காத்து வர வழி இல்லேன்னா, போற தண்ணி கோப்பைக்கு அடியில குழாய் வளைவுல நிக்கிற தண்ணியையும் உறிஞ்சிக்கிட்டுப் போயிடும் அத்தான். அந்தத் தண்ணிதான் நாத்தத்துக்குக் கதவு." புரிந்ததாகத்தான் சொன்னீர்கள்.

குழாய் சுவரோடு ஏறி, மாடிக்கு மேலே ஆளுயரத்துக்கு நின்றது. துருப்பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பெயிண்ட் பூசினேன். அடுத்த ஞாயிறு அக்கா என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நேத்து அடை மழை தம்பி. பெஞ்சதே எனக்குத் தெரியாது."

அப்போதுதான் நம் ஊருக்கு ரேடியோ நிலையம் வந்திருந்தது. எதிர்வீட்டு ஜவுளிக்காரர் தன் மாடியிலிருந்து அது என்ன குழாய் என்று கேட்டார். வீட்டுக்குள் கக்கூஸ் இருக்கிறது என்று சொல்ல உங்களுக்கு மானம் போயிற்று. "ரேடியோ கம்பிங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அன்று சாயங்காலமே தெருவில் பாதிப் பேர் கச்சேரி கேட்க வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். "செட்டு ரிப்பேருக்குப் போயிருக்குங்க" என்று வழிந்தீர்கள். அந்த நேரம் பார்த்து அக்கா கீழே கக்கூஸில் தண்ணீர் திறக்கிற சங்கிலியை இழுத்தாள். சுவருக்குள் தண்ணீர் தடதடவென்று இறங்கியது.

"செட்டு இல்லாமலே சத்தம் வருதுங்களே!" என்றார் ஜவுளிக்காரர். நானும் சிரித்தேன். அதை நீங்கள் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தபோது குழாய் மாடி மூலையில் படுத்துக் கிடந்தது. தரையோடு நின்ற மிச்சத்தின் வாயில் இந்த மரக்கட்டை. "காத்துல விழுந்துடுச்சு மாப்ள." ரம்பம் பிடிக்கத் தெரிந்த காற்று போலிருக்கிறது! இரண்டே நாளில் நிலவறை நாறியது. "மச்சினன் வேலைங்க. எஞ்சின் பார்க்கிறவனை நம்பினா இப்படித்தான்" என்று வாசலில் நின்று சொன்னீர்கள். தென்னூரில் இதே வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். கேட்க வந்தவனை, "இனிமே என் வீட்டுல எதுலயும் கை வைக்காதே" என்று வெட்டினீர்கள். அறுபட்ட குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. அக்கா மறுபடியும் முப்பத்திரண்டு படி இறங்கினாள்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்தது. கக்கூஸ் போக இரண்டு பேர் தூக்கி நிலவறைக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆள் அனுப்பினீர்கள், வந்தேன். "குழாயைச் சரி பண்ணிடு மாப்ள. மூச்சு முட்டுது" என்றீர்கள், வாய் கோணியபடி. உடம்பு விசாரிக்க வந்த ஜவுளிக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்கிற மாதிரி நிறுத்திக் கேட்டேன்: "குழாயை யாரு அறுத்தது அத்தான்?"

சுவர்ப்பக்கம் பார்த்தீர்கள். நான் விடவில்லை. இன்னொரு தரமும் கேட்டேன்.

"நான்தான்."

எவ்வளவு இனித்தது தெரியுமா? இன்றைக்கும் இனிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதுவும் போதவில்லை எனக்கு. "யுத்த காலம் அத்தான், பைப்பே கிடைக்கலை. பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். நீங்கள் அறுத்த குழாய் என் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. ஒரு வாரம் அந்த நாற்றத்தில் நீங்களும் இருந்து பாருங்கள் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் சாவுச் செய்தி வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கூடத்தில் அக்கா அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது நீ பூசின பெயிண்ட்டாச்சே தம்பி. எங்கே இருந்துச்சு?"

"என் கட்டிலுக்கு அடியில."

"அவரு அறுத்தாரு. நீ எடுத்து வச்சுக்கிட்டே. படி இறங்கினது நானு" என்றாள். காலை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

அந்தக் குழாய் இப்போது உங்கள் மாடியில் ஊர் பார்க்க நிற்கிறது, முன்னைவிட ஓர் அடி உயரமாக. என்னவென்று கேட்கிறவர்களிடம் அக்கா கக்கூஸ் குழாய் என்றே சொல்கிறாள். உங்களுக்கு அது உறைக்க வேண்டும் என்று இன்னும் ஆசைப்படுகிறேன். உங்களை நான் மன்னிக்கவில்லை. கட்டையைத் துடைத்துப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நாற்றம் போக அந்தக் குழாய் ஆளுயரம் நிற்க வேண்டும் என்றில்லை. அடைப்பை எடுத்தாலே பாதி சரியாகியிருக்கும். அது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் போன பிறகு மாடியில் உட்கார்ந்து அந்தக் கட்டையைப் பிடுங்கினேன். ரம்பம் வேண்டியிருக்கவில்லை, ஸ்பானர் வேண்டியிருக்கவில்லை. வெறுங்கையால் ஓர் இழுப்பு, வந்துவிட்டது.