தரையிலிருந்து எழும் முறை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கூடத்து விரிப்பின் ஓரத்தில் இடது கால்விரல் தட்டி விழுந்தேன். இந்த வருஷத்தில் ஆறாவது முறை. கணவர் முகத்தில் சவர நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கி நாற்காலியில் வைத்தார். மூட்டையை இறக்கிவைப்பது போல.

“ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல?”

குரல் கொடுக்க எனக்கு எங்கே நேரம்? நான் விழுந்த சத்தம் அடங்குவதற்குள் வந்துவிடுகிறார். என் தோளில் நுரை.

பதினேழு வருஷம் தெருத்தெருவாகத் தபால் கொடுத்த கால்கள் இவை. எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த நாய் குரைத்துக்கொண்டே வாலாட்டும் என்றெல்லாம் இந்தக் கால்களுக்குத் தெரியும். இப்போது அலுவலகப் பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் சுமந்து போகக் கடிதம் பிரிக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நரம்பு மருத்துவரிடம் போனோம். கையை நீட்டச் சொன்னார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார். வழக்கமானதுதான். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். எம்.எஸ். என்கிற இந்த நரம்பு நோய் உள்ளவர்களுக்கென்றே ஆன்லைனில் உடற்பயிற்சி வகுப்பு. செவ்வாய், வெள்ளி காலை பத்து மணி, பன்னிரண்டு வாரம். வீட்டிலேயே இருந்து செய்யலாம்.

இவருக்குப் பிடிக்கவில்லை. “இருக்கிற கொஞ்சம் தெம்பும் அதுலயே போயிட்டா, டாக்டர்?”

“முன்னாடி நாங்களும் ஓய்வெடுங்கன்னுதான் சொல்லிட்டிருந்தோம். இப்ப அப்படி இல்ல. அளவா செஞ்சா நல்லதுதான்.”

இவர் எலக்ட்ரீஷியன். நாலு வருஷத்துக்கு முன் நோயின் பெயரைச் சொன்ன நாளில் என்னைவிட வேகமாக இவருக்குத்தான் புரிந்தது. “நரம்பு வயர் மாதிரி. மேல இருக்கிற இன்சுலேஷன் அங்கங்க உரிஞ்சு போச்சு. அவ்வளவுதானே?” என்று கேட்டார். அவ்வளவுதான். ஆனால் உரிந்த வயரை யாரும் தொடவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் தொழில் புத்தி.

மார்ச் 11, செவ்வாய்

முதல் வகுப்பு. திரையில் ஐந்து ஜன்னல்கள். ஒன்றில் பிசியோதெரபிஸ்ட், சின்னப் பெண். ஒன்றில் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறாராம். ஒருவர் மடியில் பூனை. இன்னொருவர் மருமகளோடு வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது ஜன்னல் கறுப்பு. அது நான்தான். லேப்டாப் கேமராமேல் அலுவலகத்துப் பதிவுத் தபால் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டேன்.

வகுப்பு முடிந்த பிறகு பிசியோ, “முகம் காட்டறது உங்க இஷ்டம்கா. ஆனா நீங்க விழுந்தா எனக்குத் தெரியாது, அதான்” என்றாள்.

நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். ஏழு செய்தேன். பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகமாம். நான் எந்த வேகத்திலும் பாடக்கூடாது என்பது வீட்டாரின் கருத்து.

மார்ச் 14, வெள்ளி

எட்டு. பிறகு மதியம் வேலையில் கண் சொருகியது. 14 என்ற பெட்டியில் போட வேண்டியதையெல்லாம் 41இல் போட்டிருக்கிறேன். மேலாளர் சத்தமில்லாமல் எடுத்து மாற்றி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 21, வெள்ளி

இன்று தரையில் படுத்து, தானாக எழும் பயிற்சி. நான் செய்யவில்லை. கறுப்பு ஜன்னலுக்குள் நான் என்ன செய்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? கட்டிலில் உட்கார்ந்து, பிறர் செய்வதைப் படம் பார்ப்பது போலப் பார்த்தேன். டீச்சர் வரவில்லை, கண் பரிசோதனையாம்.

வகுப்பு முடிந்ததும் பிசியோ, “எல்லாரும் செஞ்சீங்களா?” என்று கேட்டாள். செய்தேன் என்று சொன்னேன்.

ஏன் சொன்னேன்? நாற்பத்திரண்டு வயதில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி. பயம்தான். தரையில் படுத்து, எழ முடியாமல் போய்விட்டால்? முயற்சி செய்யாதவரை, முடியும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மார்ச் 25, செவ்வாய்

வெயில். சூடு ஏறினால் என் கண்ணும் காலும் வேலைநிறுத்தம் செய்துவிடும். கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஐந்து முறை எழுந்தேன். போதும்.

ஏப்ரல் 4, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதிவிட வேண்டும்.

பத்தரை இருக்கும். பிசியோவின் படம் தூக்கிய கையோடு உறைந்து நின்றது. பிறகு ஜன்னலே மறைந்துபோயிற்று. அவள் பக்கம் இணைப்பு போய்விட்டது. பூனைக்காரர், “கொஞ்சம் பொறுங்க, வந்துருவாங்க” என்றார். டீச்சர் மட்டும் நிறுத்தவில்லை. வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். எட்டாவதில் நாற்காலி பின்னால் வழுக்கியது. ஒரு சத்தம். திரையில் வெறும் சுவர்.

“டீச்சர்?”

“இருக்கேன். கீழ இருக்கேன்.” குரல் மட்டும் வந்தது. “போன் மேஜைமேல இருக்கு. எட்டல.”

மருமகள் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்றாள். “கதவு உள்ள பூட்டியிருக்கும்மா. உடைச்சுருவாங்க,” என்றார் டீச்சர். சொல்லும்போது அழ ஆரம்பித்திருந்தார்.

ஸ்டிக்கரைக் கிழித்தேன். நகத்தோடு கிழிந்தது. திரையில் என் முகத்தைப் பார்த்து நானே ஒரு கணம் யாரோ என்று நினைத்தேன்.

“டீச்சர், தலையில பட்டுச்சா?” இல்லை. “இடுப்பு? ரெண்டு காலையும் மடக்கிப் பாருங்க.” மடக்க முடிகிறது. “அப்ப அவசரப்படாதீங்க. நானும் உங்களோட படுக்கறேன். சேர்ந்து எழுந்திருப்போம்.”

சொல்லிவிட்டேன். படுத்தும்விட்டேன். தரை சில்லென்றிருந்தது. அப்போதுதான் உறைத்தது, இதை நான் ஒரு தடவைகூடச் செய்ததில்லை.

“ஒரு பக்கமா திரும்புங்க. முழங்கையை ஊனுங்க. இப்ப கை, முழங்கால் நாலும் தரையில. குழந்தை தவழற மாதிரி.”

வாசலில் சாவிச் சத்தம். இவர். அடுத்த வேலைக்கு முன் கருவி எடுக்க வந்திருக்கிறார். தரையில் என்னைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார்.

“தொடாதீங்க.”

அப்படி ஒரு குரலில் இவரிடம் நான் பேசியதே இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

“டீச்சர், உங்களைச் சொல்லல. நாற்காலியைச் சுவரோட ஒட்டித் தள்ளுங்க. ரெண்டு முழங்கையும் சீட்டுமேல. எந்தக் கால் பலமோ அந்தப் பாதம் முன்னாடி. இப்ப அழுத்துங்க.”

என் வலது பாதம் முன்னால் போயிற்று. தொடை கிடுகிடுவென்று ஆடியது. முதல் தடவை முடியவில்லை. இரண்டாவதும். இவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. மூன்றாவதில் எழுந்து, திரும்பி, உட்கார்ந்தேன். திரையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கலைந்த நரை முடி, நெற்றி, மூக்குக்கண்ணாடி இல்லாத முகம்.

“பதினோரு நிமிஷம்,” என்றார் டீச்சர். கீழே கிடந்தும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

இவர் பையை எடுத்துக்கொண்டு போனார். கருவியை எடுக்க மறந்து போனார்.

ஏப்ரல் 5, சனி

காலையில் கேட்டார். “இத்தனை நாளும் உன்னால முடிஞ்சுதா?”

“தெரியாது. நீங்க விட்டதே இல்லையே.”

குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் வாடியது. நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். பிறகு மெதுவாகச் சொன்னார்: “நீ கீழ கிடக்கிறத என்னால பாக்க முடியல. அதான் ஓடி வரேன். உனக்காக மட்டும் இல்ல.”

நாலு வருஷமாக இதை நாங்கள் பேசவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிசியோவிடம் உண்மையைச் சொன்னேன், அன்றைக்கு நான் செய்யவில்லை என்று. “தெரியும்கா. நாற்காலி நகர்ற சத்தமே வரலையே.”

ஏப்ரல் 22, செவ்வாய்

பார்வை மங்கல். வகுப்பு இல்லை, வேலை இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றி வீடு திரும்பி மூன்று நாள். உட்கார்ந்தபடி கை மட்டும் தூக்கினேன். எத்தனை என்று எண்ணவில்லை. டீச்சர் எனக்காக எண்ணினார்.

மே 13, செவ்வாய்

ஆறு. எட்டிலிருந்து இறங்கி ஆறு. இந்த நோய் ஏணி இல்லை என்று எனக்குத் தெரியும், மனசுக்குத்தான் தெரியமாட்டேன் என்கிறது. அடுத்து சேரும் புதியவர்களுக்குத் தரையிலிருந்து எழுவதை நான் செய்து காட்ட முடியுமா என்று பிசியோ கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது யோசித்துவிட்டேன். நாளை சரி என்று சொல்ல வேண்டும்.

மே 18, ஞாயிறு

மதியம் நடைவழியில் விழுந்தேன். இவர் சமையலறையில் இருந்தார். வந்தார். ஓடி வரவில்லை.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோடு ஒட்டி வைத்தார். ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார். “அடுப்புல வேலை இருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எனக்கு நேரம் பிடித்தது. நடுவில் ஒருமுறை முழங்கை வழுக்கியது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். எனக்கு முதுகைக் காட்டியபடி, கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அடுப்பு எரியவே இல்லை.