ஸ்வெட்டர் கையின் நீளம்

மந்தைவெளி
12.11.95

பட்டு,

டெல்லியில் குளிர் ஆரம்பித்திருக்குமே. பாண்டி பஜாரில் கம்பளி நூல் வாங்கி, இந்த வாரம் முழுக்க ஸ்வெட்டர் பின்னினேன். இந்தப் புழுக்கத்தில் ஊசி கையில் நிற்க மாட்டேனென்கிறது. உன்னுடையது முடிந்துவிட்டது. மாப்பிள்ளையின் அளவுதான் தெரியவில்லை.

உன் கல்யாணத்துக்கு வராத அப்பா, நீ அனுப்பிய போட்டோவையும் பார்க்க மாட்டேன் என்றுவிட்டார். நேற்று அவரையே நிற்கவைத்து, பின்னிய கையைத் தோளிலிருந்து பிடித்துப் பார்த்தேன். யாருக்கென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மணிக்கட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு விரக்கடை பின்னு. அவன் என்னைவிட ஒசரம்" என்றார்.

பின்னிவிட்டேன். பொங்கலுக்கு வரும்போது மாப்பிள்ளையை அதைப் போட்டுக்கொண்டே வரச்சொல். வேர்த்தால் வேர்க்கட்டும்.

அம்மா