அம்மனின் கழன்ற கை

என் ஆசை மச்சாள் பவளத்துக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மனுக்கு ஒரு கை குறைந்துவிட்டது. பதறாதே, ஒருவரும் திருடவில்லை. நான்தான் கழற்றிக் கொடுத்தேன். உன் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கிழமை என்னோடு கதைக்கவே இல்லை. நீ இருந்திருந்தால் யார் பக்கம் நின்றிருப்பாய்?

மொன்றியலில் பனி உருகினால் ஊரெல்லாம் சந்தோஷப்படும், எனக்கு மட்டும் தலையிடி தொடங்கும். குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் புதைந்து கிடந்த, ஆரோ கையிலிருந்து தவறவிட்ட ஒற்றைக் கிளவுஸெல்லாம் அப்போதுதான் தெருவோரத்தில் தலைகாட்டும். நீ பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்க அலைவாய். தொலைத்தவர் கண்ணில் படட்டும் என்று யாராவது எடுத்து வேலிக்கம்பியில் செருகி வைத்ததைத் தொடமாட்டாய். சேற்றில் கிடப்பதுதான் உன் பங்கு. நான் வேலையால் களைத்து வந்து குளியலறைக் கதவைத் திறந்தால், முன்பின் தெரியாதவர்களின் கைகள் சவர்க்காரத் தண்ணீரில் மிதக்கும்.

“அக்கா, குப்பை பொறுக்கவோ உன்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டனான்?” என்று உன் தம்பி கத்துவார்.

“ஓமடா, ஊரில இவ்வளவு நல்ல குப்பை கிடைக்காதெல்லே!” என்பாய் நீ.

உனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. படம் கீறத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடத்துக்கு முட்டை வாங்கினதாக நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒரு கிளவுஸுக்குள் பழைய ஸ்டொக்கிங்ஸை அடைத்துக் கவிழ்த்தாய், விரல்கள் பசுவின் மடிக்காம்பாகிவிட்டன. சிவப்பைப் பிடித்து சேவலுக்குக் கொண்டை வைத்தாய். கடைசியில் என் பழைய குளிர்க்கோட்டை எடுத்து, அதைச் சுற்றிக் கிளவுஸ்களைக் கைகளாக வைத்துத் தைத்து ஒரு அம்மனையே செய்தாய். தோல் கை, கம்பளிக் கை, ஹொக்கி விளையாடுகிற கை! ஒரு கையிலும் ஆயுதம் இல்லை. ஏன் என்று கேட்டேன். “குளிருக்க வேல் பிடிச்சால் விரல் விறைச்சுப் போகுமடி” என்றாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு இன்னும் வயிற்றில் நிற்கிறது.

நீ கண்ணை மூடின பிறகு மேல்மாடி வீட்டு மொனிக் அதையெல்லாம் கேட்டு வாங்கி, பக்கத்து நூலகத்து மண்டபத்தில் காட்சிக்கு வைத்தாள். உன்னை ‘ஆர்த்திஸ்ட்’ என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், பவளம்! குப்பை என்று கத்தின உன் தம்பி, கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் “மா ஸேர், மா ஸேர்” என்று உன்னைத் தன் அக்கா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். தலை நரைத்தவள். அம்மனுக்கு முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நீலக் கம்பளியில் வெள்ளை நட்சத்திரம் போட்ட கையைத் தொட்டு, “சே மா மித்தேன்” என்றாள். தன்னுடைய கிளவுஸ் என்கிறாள். செத்துப்போன தாய் பின்னிக் கொடுத்ததாம். பஸ்ஸுக்கு ஓடும்போது விழுந்ததாம். சோடியின் மற்றதை வீட்டில் வைத்திருக்கிறாளாம். கேட்கக்கூட அவளுக்குக் கூச்சம். கையை மட்டும் விடவில்லை.

மொனிக் என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். மியூசியத்திலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள், பிடித்திருந்தால் அம்மனை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள், இப்போது கை வைத்துக் கெடுத்துவிடாதே என்றாள். உன் தம்பிக்கு வேறு பயம்.

“அம்மன்ர கையை வெட்டப் போறியோ? உனக்கென்ன விசரே? பின்னமான அம்மனை வைச்சிருக்கக் கூடாதப்பா!”

எனக்கும் பயம்தான், பொய் சொல்லவில்லை. உன் பெயர் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று உன் தம்பியைவிட எனக்குத்தான் ஆசை. ஆனாலும் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போய்த் தையலைப் பார்த்தேன். பசுவுக்கும் சேவலுக்கும் உள்பக்கமாக இறுக்கி முடிந்திருந்த நீ, அம்மனின் கைகளுக்கு மட்டும் முடிச்சை வெளியே விட்டிருந்தாய். ஒவ்வொரு கைக்கும் ஒரே நூல், நுனியில் ஒரு உருவு முடிச்சு. சுண்டி இழுத்தேன், கை கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. இதைச் செய்யும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கள்ளி!

அவள் போட்டுப் பார்த்தாள். அழுதாள், உடனே சிரித்தாள். பிறகு கிளவுஸ் போட்ட கையாலேயே அம்மனைத் தொட்டு “மெர்சி, மதாம்” என்று அவளுக்கே நன்றி சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மியூசியக்காரர் அடுத்த கிழமை வந்தார்கள். அம்மனை அவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. மிச்சக் கைகள் விழாமல் இறுக்கித் தைத்து, முடிச்சுக்குப் பசையும் வைப்பார்களாம். நான் உன் தம்பியைப் பார்த்தேன். அதுவரை என்னோடு கதைக்காமல் இருந்த மனுசன் எழும்பினார்.

“நோ, மெர்சி” என்று அவர்களைப் பார்த்து மறுத்துவிட்டார். பிறகு என்னிடம் திரும்பி, “அக்கா கழட்டத்தானே கட்டினவ. அதை இறுக்க நாங்கள் ஆர்?” என்றார்.

அம்மன் இப்போது எங்கள் வீட்டு ஜன்னலோரம் தெருவைப் பார்த்தபடி நிற்கிறாள். போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள், சிலர் கை காட்டுகிறார்கள். மியூசியம் கைவிட்டுப் போனதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். உனக்கு இருக்காது, தெரியும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பவளம். நான் இருக்கும்வரை உன் முடிச்சை ஒருவரும் இறுக்க விடமாட்டேன். யார் வந்து தன் கையைக் கேட்டாலும் சுண்டி எடுத்துக் கொடுப்பேன். கடைசியில் ஒரு கையும் மிஞ்சாமல் என் பழைய கோட்டு மட்டும் ஜன்னலில் நின்றால், அன்றைக்குத்தான் உன் வேலை முடிந்தது என்று உன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

குளியல் தொட்டிக்காக உன்னோடு சண்டை பிடித்த, இப்போது அந்தச் சண்டைக்கு ஆளில்லாத,
உன் தம்பி பெண்சாதி,
மச்சாள் மலர்