புதன்கிழமை காலை பத்து மணி

மார்ச் 3

அன்புள்ள சிட்டு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? மாப்பிள்ளையின் கப்பல் எப்போது கரைக்கு வருகிறதாம்?

எனக்குத் தேர்வுத் தேதி வந்துவிட்டது. பதினாறு திங்கள், பதினெட்டு புதன், பத்தொன்பது வியாழன், இருபது வெள்ளி. நான்கு அரியரும் ஒரே வாரத்தில். பழைய பாடத்திட்டக்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பாம். நோட்டில் கட்டம் போட்டு அந்த வாரத்தை நறுக்கி வைத்திருக்கிறேன். விடிகாலை நான்கரைக்குக் கரிம வேதியியல். பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவும்போது வாய்க்குள் சமன்பாடு. சாப்பாட்டு வேளையில் கணக்குகள். குளிக்கக் கால் மணி நேரம் விட்டிருந்தேன், அதையும் பத்து நிமிடமாக்கிவிட்டேன். அப்படியும் நேற்றுப் படித்தது இன்று தலையில் இல்லை. பஸ்ஸில் அழுகை வந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அமிலம் எடுத்து வைக்கிறேன். ஏன் நிறம் மாறுது என்று கேட்டால், "டீச்சரக் கேளும்மா" என்கிறேன். எனக்குத் தெரியும். சொல்லும் இடத்தில் நான் இல்லை.

உன் பிரசவத் தேதி இருபத்தெட்டுதானே? இருபத்தொன்றாம் தேதி காலை உன்னெதிரில் நிற்பேன்.

அம்மா


மார்ச் 7

அன்புள்ள அம்மா,

உன் கட்டத்தைக் கலைக்க வேண்டியிருக்கிறது. என் ரத்த அழுத்தம் இறங்கவேயில்லை. பதினெட்டாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் என்று டாக்டர் எழுதிவிட்டார். உனக்காக, மூன்று நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். "உங்கம்மா பரீட்சைக்கெல்லாம் காத்திருக்க முடியாதும்மா" என்றார்.

கப்பல் ஏப்ரலில்தான் வரும். மாடிவீட்டு டெய்லரக்கா கூட இருப்பதாகச் சொல்கிறார். நல்ல மனுஷிதான். ஆனால் பயத்தில் கையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு அவரோடு எனக்குப் பழக்கமில்லை, அம்மா.

சிட்டு


மார்ச் 10

என் கண்ணுக்கு,

கடிதம் வந்ததிலிருந்து நோட்டும் ரயில் நேர அட்டையுமாக உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய் கிளம்பினால் உன்னோடு இருக்கலாம், மூன்று தாள் போய்விடும். புதன் தேர்வு முடிந்து ஓடி வந்தால் எட்டு மணி நேரப் பயணம். உன் முகத்தைப் பார்த்த கையோடு திரும்ப ராத்திரி ரயில் கிடையாது, வியாழன் தாள் போய்விடும். எப்படி மாற்றிப் போட்டாலும் ஒன்று இடிக்கிறது.

அரை நாள் லீவு போட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். கடிதத்தோடு நீ வைத்திருந்த மருத்துவச் சீட்டின் நகலை ஜன்னல் வழியாக நீட்டினேன். பிரசவம் யாருக்கு என்று கேட்டார் குமாஸ்தா. மகளுக்கு என்றேன். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தாள் போனாலும் பட்டம் கிடையாது என்றார்.

கடைசி வருஷத்தில் நீ வயிற்றிலிருந்தாய், படிப்பை விட்டேன். அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. இந்த முறை என்னால் முடிவெடுக்க முடியவில்லை. வா என்று ஒரு வார்த்தை எழுது. எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.

அம்மா


மார்ச் 13

அம்மா,

முடிவை என் தலையில் கட்டாதே. வா என்று நான் எழுதினால் ஆயுசுக்கும் உன் பட்டத்தைக் கெடுத்தவள் நான். ஏற்கெனவே ஒருமுறை கெடுத்தாயிற்று, அதுவும் பிறக்கும் முன்பே.

கூப்பிட்ட பிறகு வருவதற்கு டெய்லரக்கா போதும். கூப்பிடாமல் வரத்தான் அம்மா. இதைப் பற்றி இனி எழுதாதே. போனும் செய்யாதே.

சிட்டு


மார்ச் 21, சனிக்கிழமை
மருத்துவமனை, இரண்டாம் மாடி பெஞ்ச்

சிட்டு,

சொன்ன தேதிக்கு வந்துவிட்டேன். நீ தூங்குவதாக நர்ஸ் சொன்னார். எட்டிப் பார்த்தேன். தூங்கினால் உனக்கு வாய் லேசாகத் திறந்துகொள்ளும். இன்று இறுக மூடியிருந்தது. அதனால் எழுப்பவில்லை.

இதை நீ என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். புதன்கிழமை பத்து மணிக்குக் கேள்வித்தாளை வாங்கினேன். பத்தரை வரை ஒரு எழுத்தும் எழுதவில்லை. கண்காணிப்பாளர் வந்து, "என்னம்மா, உடம்பு முடியலையா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தேன். எழுத ஆரம்பித்த பிறகு, உண்மையைச் சொல்கிறேன், நீ என் நினைவில் இல்லை. கடைசி மணி வரை இல்லை.

வெளியே வந்து போனைப் பார்த்தால் டெய்லரக்காவின் செய்தி. பெண் குழந்தை. உனக்கு ரத்தம் நிறையப் போய், தீவிரப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கல்லூரி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ கண் விழித்துவிட்டாய் என்று சாயங்காலம்தான் சொன்னார். அதற்கு நடுவே ஒரு ரயில் இருந்தது. நான் ஏறவில்லை. வியாழனும் எழுதினேன், வெள்ளியும் எழுதினேன்.

எழுதியதற்கு என்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. நீ தனியாகக் கிடந்ததை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு இந்த பெஞ்சில் இருக்கிறேன். போகச் சொன்னால் போகிறேன்.

அம்மா


(அதே தாளின் பின்பக்கம்)

அம்மா,

தூங்கவில்லைதான்.

மயக்க ஊசி போடும்போது கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். டெய்லரக்கா புடவை முந்தானையை என் கையில் திணித்துவிட்டு, கதவு மூடும் வரை நின்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு வரவில்லை. இன்று பூராவும் உன்மேல் கோபமாக இருக்கப் போகிறேன். குறுக்கே வராதே. நாளைக் காலை எட்டு மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள், அப்போது வா. குழந்தையைத் தூக்கினால் அதன் கழுத்து எந்தப் பக்கம் சாயுமோ என்று பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை தாள் எப்படி இருந்தது என்பதை மட்டும் இப்போதே நர்ஸிடம் சொல்லி அனுப்பு.

சிட்டு