அந்தத் தட்டை ஏன் கழுவினாய்?

ஏண்டி, செத்தும் என்னை விடமாட்டாயா? உன் கருமாதிக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றபோது பிலிமத்தலாவையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு போட்டோகொப்பிக் கடையில் ஒதுங்கினேன். மெஷின் சூடேறி ஓசோன் வாடை மூக்கில் அடித்தது. நம் ஆய்வுகூடத்து வாடை. உடனே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவளை ஏசக்கூடாது என்பார்கள். நான் ஏசத்தான் போகிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தட்டில் வளரும் உயிர்க் கலங்கள்மீது, பச்சையாய் ஒளிரவைக்கும் டி.என்.ஏ. கலந்த நீரைச் சொட்டுவிட்டு, மேலிருந்து பிளாஸ்மாவை, அதுதான் மின்சாரம் ஏறி ஊதா நிறத்தில் ஒளிரும் காற்றை, பாய்ச்சுவோம். டி.என்.ஏ. உள்ளே போன கலம் மறுநாள் நுணுக்குக்காட்டியில் பச்சையாக மின்னும். என் தட்டு மின்னியது. உன் தட்டு இருட்டாகவே கிடந்தது.

ஏன் தெரியுமா? உன் கழுவுகிற பைத்தியம்! கழுவி வைத்த கோப்பையையும் இன்னொருமுறை கழுவித்தான் தேத்தண்ணி குடிப்பாய். பிளாஸ்மா அணைந்த கையோடு தட்டையும் அலசி ஊற்றினாய்.

"விட்டா கலம் செத்துரும்டி, அவ்வளவும் நஞ்சு."

"அந்த நஞ்சுதான்டி கதவைத் தொறக்குது. கொஞ்ச நேரம் விடு" என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். காற்றும் நீரும் மின்சாரத்தில் உடைந்து பிறக்கிற ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற துடுக்கான பொருட்கள் அவை. அளவு மீறினால் கலத்தைக் கொல்லும். அளவோடு இருந்தால் டி.என்.ஏ.யை உள்வாங்கத் தூண்டும். மின்சாரம் மட்டுமே போதும் என்று நீ சாதித்தாய்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். துறைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, "அது கலத்தோட பச்சை இல்ல சேர், இவ கம்ப்யூட்டர்ல ஏத்துன பச்சை" என்றாய். சபை சிரித்தது.

அடுத்த வாரமே, பேரொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேஸ் நொதியத்தை ஒரு தட்டில் சேர்த்து உன் கண் முன்னாலேயே செய்து காட்டினேன். அதில் பச்சை பெரும்பாலும் அணைந்துபோனது. சேர்க்காத தட்டு ஜெகஜோதியாய் மின்னியது. நீ "ம்" என்றாய். கை கழுவப் போய்விட்டாய். நானே கூட்டத்தில் காட்டியபோது, அதுவும் ஏற்றிய பச்சைதான் என்றார்கள். "நீ எழும்பி ஒரு வார்த்தை சொல்லுடி" என்று எத்தனை தடவை கேட்டேன்! "பார்ப்போம்டி" என்றாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

இன்று உன் புருஷன் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "வீட்டுல ஒங்களப் பத்தி ஒரே பெருமைதாங்க. 'அவ செஞ்சது சரி, நான்தான் கழுவிக் கெடுத்தேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா." இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அடிப்பாவி! பொய்யைச் சபையில் சொன்னாய், உண்மையை அடுப்படியில் சொன்னாய். அந்தச் சபையில் இருந்த ஒருவராவது உன் அடுப்படிக்கு வந்ததுண்டா? இன்றும் நான் திரையில் ஒரு படம் போட்டால், அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பார்வையைத்தான் எனக்கு விட்டுப் போயிருக்கிறாய். அதைத் துடைக்கக் கூடிய ஒரே வாயையும் எரித்துவிட்டார்கள்.