ஆனி ஐந்தாம் தேதி நான் இருந்த இடம்

பினாங்கில் இருக்கும் என் மகன் வீரையனுக்கு உன் அப்பா பக்கிரி ஊரிலிருந்து சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்கும் சுகம் என்று எழுதச் சொன்னால் அது பொய். நீ வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்கிறாயா என்று தெரியவேண்டும். எழுதுவது உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த கோவிந்தராசுதான், இப்போது விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருக்கிறான், சொன்னதைச் சொன்னபடி எழுது, பூசி மெழுகாதே என்று சொல்லியிருக்கிறேன். உன் அக்கா அம்சத்துக்கு மூன்றாவதும் பெண், தாயும் பிள்ளையும் நலம். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டு ஒன்று செத்தது. சம்பா நடவு முடிந்துவிட்டது, இனி களையெடுப்பு வரை வேலை இல்லை.

இப்போது விஷயம் நம் மனையைப் பற்றியது. பண்ணை நிலத்தில் குடியிருக்கும் கூலிக்காரனுக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டது உனக்குத் தெரியும், நீ கப்பலேறிய எழுபத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் ஐந்தாம் தேதி எவன் எங்கே குடியிருந்தானோ அவனுக்கு அந்த இடம் என்று கணக்கு. போன மாதம் விசாரணைக்கு அதிகாரி வந்து மாரியம்மன் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், பக்கத்து நாற்காலியில் நம் பண்ணையார். புளிய விளாறு உடையும்வரை என் முதுகில் அடித்த மனிதர், இன்று கரை வேட்டி கட்டிக்கொண்டு கட்சியில் கிளைச் செயலாளர், ஏழைகளுக்கு நல்லது நடக்கிறது என்று எங்களைப் பார்த்துச் சொல்கிறார். நம் மனை சாலையோரம், அதில் ரைஸ் மில் போட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். மற்றவர்களிடம் அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு எல்லாரும் இங்கேதான் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த ஆனி முழுக்க மகள் வீட்டில் கிடந்த காளியம்மாளும் இங்கேதான் என்றாள், அவளுக்கு மனை உண்டு என்று எழுதிவிட்டார்கள். என் முறை வந்ததும் பண்ணைக் காரியக்காரர் தியாகராசன் முந்திக்கொண்டு, "பக்கிரிக்கு எழுத்துதான் தெரியாது, தேதியச் சொன்னா அன்னைக்கு மழையா வெயிலான்னு சொல்லுவான், கேட்டுப் பாருங்க" என்றார். ஊரில் பிள்ளை பிறந்த நாளுக்கும் வாய்க்கால் உடைந்த நாளுக்கும் என்னைத்தானே கேட்பார்கள், எனக்கு உள்ளுக்குள் பெருமை வந்துவிட்டது. அது சனிக்கிழமை என்று ஆரம்பித்தேன். மகனைக் கப்பலேற்ற மூன்றாம் தேதியே நாகூர் போனோம், கப்பல் பிந்திப் பதினொன்றாம் தேதிதான் வந்தது, எட்டு நாளும் மீரா சாகிப் கொட்டகையில்தான் உன் அம்மா அடுப்பு மூட்டினாள், இங்கே வீட்டுத் தட்டியைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போனோம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. அவனே சொல்லிட்டான் எழுதிக்குங்க என்றார் தியாகராசன். குறித்த நாளில் குடியில்லை என்று ஏழாம் நாள் நோட்டீஸ் வந்தது, தைக்குள் காலி பண்ணவேண்டுமாம்.

அது தானாக முளைத்த மேடா? உன் பாட்டன் இளையபெருமாள் வாய்க்கால் தூர் வாரிய சேற்றைப் பண்ணை வேலை முடிந்தபிறகு கூடைகூடையாகச் சுமந்து கொட்டி மேடாக்கினார், பாதி நான் சுமந்தது. அம்பத்திரண்டு புயலில் தெருவே தண்ணீரில் நின்றபோது பதினாறு பேர் நம் வீட்டில்தான் உலை வைத்தோம், பண்ணையாரின் கன்றுக்குட்டியும் நம் அடுப்போரம்தான் நின்றது, அதை அவர் மறந்திருப்பார். உனக்கு முன்னால் பிறந்து ஏழாம் மாதம் போன பிள்ளையைப் பின்பக்கம் பூவரசடியில் புதைத்திருக்கிறோம், மில்லின் மிஷின் அங்கேதான் வரும். உன் அம்மா கண்ணாத்தாள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நாலாம் நாள், "எழுவது வருசம் குடியிருந்ததச் சொல்லாம அந்த எட்டு நாளத்தான் சொல்லத் தோணுச்சா ஒனக்கு" என்றாள்.

மேல்மனு கோவிந்தராசுதான் எழுதினான். கிழவன் ஞாபகப் பிசகில் உளறிவிட்டேன், அன்று பெண்சாதியோடு என் வீட்டில்தான் இருந்தேன், மகன் தனியாகத்தான் கப்பலுக்குப் போனான், வழியனுப்ப நாங்கள் யாரும் போகவில்லை என்று அதில் இருக்கிறது. ஞாபகப் பிசகு என்ற சொல்லுக்கே முதல் நாள் முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் மீரா சாகிபிடம் போய், யாராவது கேட்டால் பையன் மட்டுந்தான் வந்து தங்கினான் என்று சொல்லும்படி கேட்டேன். சரி பக்கிரி என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று மனுவில் ரேகை வைத்துவிட்டேன். கப்பலுக்குக் கொண்டுபோன படகை அலை தூக்கிப் போட்டபோது நீ பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததும், கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை உன் அம்மா கரையில் நின்றதும் இனி நடக்காத சங்கதி.

கூட வேலை செய்கிறவர்களோடு சண்டை வைத்துக்கொள்ளாதே, மழையில் நனையாதே. நாகூர் ஆண்டவரும் நம் மாரியம்மனும் உன்னைக் காக்கட்டும், நீ பிள்ளை குட்டியோடு தழைக்கவேண்டும். ஒன்றை மறந்துவிடாதே, ஆபீசிலிருந்து கேட்டுக் காகிதம் வந்தால் நான் தனியாகத்தான் போனேன் என்று எழுதி அனுப்பு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. நாங்கள் உன்னோடு வந்தோம் என்று எழுதியிருப்பது இது ஒன்றில்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா பக்கிரி,
இடது கைப் பெருவிரல் ரேகை